ஊசிப்போன குழம்பும் வெள்ளிக்கிழமைப் பூவும்

எனக்கு வாசனை தெரியாது என்பது எனக்கே முப்பத்திரண்டு வயதில்தான் தெரிந்தது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. இத்தனை வருடம் ஒரு மனிதனுக்கு அது எப்படித் தெரியாமல் இருக்கும் என்று கேட்கிறார்கள். பிறந்ததிலிருந்தே இல்லாத ஒன்றை இல்லையென்று எப்படிக் கண்டுபிடிப்பது? மல்லிகை கமகமக்கிறது என்று வீட்டில் சொன்னார்கள், நானும் சொன்னேன். சாக்கடையைத் தாண்டும்போது எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள், நானும் பொத்தினேன். கோயிலைத் தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, அதுபோல இதுவும் ஒரு வழக்கம் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

போதாததற்குச் சில பொருட்கள் என்னை ஏமாற்றிக்கொண்டே இருந்தன. விக்ஸ் தடவினால் மூக்குக்குள் ஜில்லென்று ஏறும். மிளகாய் வறுத்தால் தும்மல் வரும். வெங்காயம் உரித்தால் எரியும். இதைத்தான் எல்லோரும் வாசனை என்கிறார்கள், மற்றவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது, எனக்குக் கொஞ்சம் மட்டு என்று இருந்துவிட்டேன்.

நான் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பெரம்பலூரில் எடுத்தால் அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாக மீன்சுருட்டி, திரும்ப அதே வழி. மீன்சுருட்டிக்குப் பக்கத்தில்தான் என் சொந்த ஊர். அம்மா அங்கே இருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு நானும் மனைவியும் பெரம்பலூரில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்துக் குடிவந்தோம்.

அந்த ரூட்டில் கருவாட்டுக் கூடையோடு ஏறும் அம்மா ஒருவர் உண்டு. மீன்சுருட்டியில் ஏறி அரியலூரில் இறங்குவார். மற்ற பஸ்களில் கூடையைப் பார்த்ததுமே விசில் அடித்துவிடுவார்கள். நான் கூடையை வாங்கி என் சீட்டுக்கு அடியிலேயே தள்ளி வைப்பேன். "கூடயப் பாத்தா அவனவன் மூஞ்சியச் சுளிக்கிறான். இந்தத் தம்பிக்குத்தான் தங்கமான மனசு" என்று அவர் டிரைவரிடம் சொல்லுவார். எனக்குப் பெருமையாக இருக்கும். மற்ற கண்டக்டர்களுக்கெல்லாம் ஏழைபாழைகள் மேல் இரக்கமே இல்லை என்று மனதுக்குள் வருத்தப்பட்டுக்கொள்வேன்.

எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாறியது. எனக்கு டியூட்டி இல்லாத நாள். மனைவி அடுப்பில் பருப்பை வேகப்போட்டுவிட்டுத் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனாள். "ஏங்க, பருப்ப ஒரு கண்ணு பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் படியில் தடதடவென்று இறங்கி ஓடி வந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, கரிந்த பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தாள்.

"மூக்க எங்க வச்சிருந்தீங்க?"

"நான் இங்கதான உக்காந்திருந்தேன்? அடுப்ப எட்டிப் பாத்தாத்தான தெரியும்?"

"பாக்கணுமா? மொட்ட மாடி வரைக்கும் வருதுங்க!"

"மொட்ட மாடி வரைக்கும் என்னா வருது?"

நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"இப்ப இந்த வூட்டுக்குள்ள உங்களுக்கு ஒண்ணுமே தெரியல?"

"புகை தெரியுது. கண்ணு லேசா எரியுது."

பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, கொடியில் கிடந்த துண்டை எடுத்து என் கண்ணைக் கட்டினாள். ஒவ்வொரு பொருளாக மூக்குக்குக் கீழே கொண்டுவந்து என்ன என்று கேட்டாள். முதலாவதுக்கு ஒன்றும் தெரியவில்லை. காபித்தூளாம். இரண்டாவதும் தெரியவில்லை. பெருங்காயமாம். மூன்றாவது அவள் தலையிலிருந்து எடுத்த முந்தின நாள் பூ. நான் "சோப்பு" என்று அடித்துவிட்டேன். கடைசியில் ஒன்று ஜில்லென்று ஏறியது. "விக்ஸ்!" என்று கத்தினேன். பள்ளிக்கூடத்தில் சரியாகப் பதில் சொன்ன பையனைப் போல எனக்கு ஒரே சந்தோஷம்.

துண்டை அவிழ்த்துப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"வாராவாரம் பூ வாங்கிட்டு வந்து, மோந்து பாத்துட்டு, 'நல்ல வாசனை'ன்னு சொல்லித்தான குடுப்பீங்க?"

"எல்லாரும் அப்படித்தான சொல்றாங்க."

"என் சமையல நல்லா இருக்குன்னு சொன்னது?"

"அது நெசம். உப்பு, புளிப்பு, காரம் எல்லாம் எனக்குத் தெரியும். நல்லாத்தான் இருக்கும்."

அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அப்ப, என் மேல என்னா வாசனைன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

அவளுக்கு ஒரு வாசனை இருக்கும் என்பதே எனக்கு அதுவரை தோன்றியதில்லை. தெரியாது என்றேன். அவள் எழுந்து போய் மறுபடியும் பருப்பு போட்டாள். அன்று மதியச் சாப்பாட்டில் நான் ஒவ்வொரு வாய்க்கும் அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் திருச்சிக்குப் போனோம். அதற்குள் அவள் முழுகாமல் இருப்பது தெரிந்திருந்தது. அதனால்தான் அவள் விடாப்பிடியாக என்னை இழுத்துக்கொண்டு போனாள். காது மூக்கு தொண்டை டாக்டர் நிதானமான மனிதர். சின்னச் சின்ன பாட்டில்களை மூக்கருகே காட்டினார். ஒன்றும் தெரியவில்லை. ஒரே ஒரு பாட்டில் சுரீரென்று ஏறி மண்டை வரை எரிந்தது. தெரிகிறது என்று சந்தோஷமாகச் சொன்னேன். அது அமோனியா, அது வாசனை அல்ல, எரிச்சல், அதற்கு வேறு நரம்பு என்றார். விக்ஸும் வெங்காயமும் இத்தனை வருடம் என்னை எப்படி ஏய்த்தன என்பது அப்போதுதான் விளங்கியது. பிறகு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார்.

மூக்கின் உச்சியில் வாசனையைப் பிடிக்கிற செல்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய நானூறு வகைப் பூட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒவ்வொரு வகைப் பூட்டையும் செய்ய உடம்புக்குள் ஒரு மரபணு இருக்கிறது. காற்றில் வருகிற வாசனை சில பூட்டுகளைத் திறக்கும். எந்தெந்தப் பூட்டு திறந்தது என்பதை வைத்து இது காபி, இது மல்லிகை என்று மூளை சொல்லும்.

"அப்ப எனக்குப் பூட்டு இல்லீங்களா சார்?"

"பூட்டு இருக்கலாம். அங்கேருந்து சேதி போய்ச் சேர்ற இடம் மூளைக்கு அடியில பல்பு மாதிரி ரெண்டு இருக்கும். உங்களுக்கு அது உருவாகவே இல்ல. வூட்டுல ஸ்விட்ச் எல்லாம் போட்டாச்சு, கம்பத்துலேர்ந்து ஒயர் இழுக்கலைன்னு வச்சுக்குங்களேன்."

மருந்து ஏதும் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். சமையல் கேஸ் விஷயத்தில் ஜாக்கிரதையாக இருங்கள், சாப்பாடு கெட்டுப்போயிருக்கிறதா என்று யாரிடமாவது கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள் என்றார். அவ்வளவுதான்.

என் மனைவி அந்தச் சாக்கில் தன் வழக்கையும் கொண்டுபோய் வைத்தாள். "எனக்குக் கொத்தமல்லித் தழை மட்டும் மூட்டப்பூச்சிய நசுக்குன மாதிரி நாறுது சார். எங்க அத்த நம்பவே மாட்டேங்கிறாங்க. வேணும்னே ஒதுக்குறேன்னு சொல்றாங்க." டாக்டர் சிரித்தார். ஒருவருடைய பூட்டும் இன்னொருவருடைய பூட்டும் அச்சாக ஒன்றுபோல இருக்காது, கொத்தமல்லி அப்படி நாறுகிறது என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு, அதற்கும் மரபணு ஒரு காரணம் என்றார். அவளுக்கு வழக்கில் ஜெயித்த முகம். ஆனால் அவள் கேட்க வந்த கேள்வி அதுவல்ல.

"பொறக்கப்போற புள்ளைக்கும் இப்படி வருமா சார்?"

"வரலாம், வராமலும் போகலாம். சில குடும்பத்துல தொடர்ந்து வரும். உங்க அப்பா அம்மா யாருக்காவது இப்படி இருக்குதா?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பாவின் நினைவு வந்துவிட்டது.

அப்பா இறந்து அப்போது ஐந்து வருடம் ஆகியிருந்தது. கொஞ்சம் முந்திரிக் காடும் குத்தகை வயலுமாகப் பாடுபட்ட மனிதர். அதிகம் பேச மாட்டார். அவரைப் பற்றி அம்மாவிடம் ஒரு கதை உண்டு. கல்யாணமான புதிதில் அம்மா ஒருநாள் காட்டுக்குத் தூக்குவாளியில் சோறு கொடுத்தனுப்பியிருக்கிறார். குழம்பு முந்தின நாள் வைத்தது, ஊசிப்போய்விட்டது. அவசரத்தில் அம்மா கவனிக்கவில்லை. சாயங்காலம் வாளியைக் கழுவும்போது அந்த நாற்றத்தில் குமட்டியிருக்கிறது. வாளியில் ஒரு பருக்கைகூட மிச்சமில்லை. அம்மா அழுதுகொண்டே கேட்டபோது அப்பா, "ஏன், நல்லாத்தான இருந்துச்சு" என்றாராம். புதுப்பெண் மனம் நோகக் கூடாது என்று ஊசிப்போன குழம்பை ஒரு சொல் சொல்லாமல் தின்ற புருஷன்! இந்தக் கதை எங்கள் சொந்தபந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் கல்யாணத்துக்கு மறுநாள் என் மனைவியை உட்காரவைத்து அம்மா இதைத்தான் சொன்னார். "என் புள்ளையும் அவங்க அப்பா மாதிரிதான். சாப்பாட்டுல ஒரு குத்தம் சொல்லாது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

திருச்சியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் பாடாலூர் தாண்டியதும் அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். பாடாலூர்தான் அவள் பிறந்த ஊர், வழக்கமாக அங்கே ஜன்னலை விட்டுத் திரும்பவே மாட்டாள்.

"மாமாவுக்குமாங்க?"

"அப்படித்தான் இருக்கும்னு தோணுது."

"அத்தகிட்ட சொல்லாதீங்க. அவங்களுக்கு அந்தக் கத ஒண்ணுதான் சொத்து."

சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டோம்.

அடுத்த சில மாதம் என் பாடு திண்டாட்டம். பிள்ளை வயிற்றில் வளர வளர அவள் மூக்கு கூர்மையாகிக்கொண்டே போனது. டியூட்டி முடிந்து நான் கீழ்ப்படியில் கால் வைத்ததும் மேலேயிருந்து குரல் வரும்: "அப்படியே பாத்ரூமுக்குப் போங்க!" கருவாட்டுக் கூடை என் சீட்டுக்கு அடியில்தான் பயணம் செய்கிறது என்பது அவளுக்கு அப்போது தெரியவந்தது. ஒருநாள் என் காக்கிச் சட்டையைக் குச்சியால் தூக்கி வாளியில் போட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, "பாவம், அந்தம்மாவ மட்டும் எறக்கி வுட்டுறாதீங்க. நான் தொவச்சிக்கிறேன்" என்றாள்.

பெண் குழந்தை பிறந்தது. பாடாலூரிலிருந்து ஐந்தாம் மாதம் பிள்ளையை அழைத்து வந்தோம். கொஞ்ச நாள் கூடமாட இருக்கலாம் என்று அம்மாவும் பெரம்பலூருக்கு வந்து சேர்ந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே நச்சரிப்பு. பிள்ளைக்கு மூக்கு வேலை செய்கிறதா? அவ்வளவு சின்னப் பிள்ளைக்குச் சோதித்துச் சொல்வது கஷ்டம், பேச்சு வரட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பெருங்காய டப்பாவைத் திறந்து பிள்ளையின் மூக்கருகே காட்டுவேன். ஒருநாள் முகத்தைச் சுளிக்கும். ஒருநாள் டப்பாவைப் பிடித்து வாயில் வைக்கப் பார்க்கும். ஒருநாள் என்னைப் பார்த்துச் சிரிக்கும். இதில் எதை வைத்து முடிவு செய்வது?

ஒருநாள் மதியம் அம்மாவிடம் மாட்டிக்கொண்டேன்.

"என்னாடா இது? பச்சப்புள்ள மூக்குல பெருங்காயத்த வச்சு வச்சுப் பாக்குற? நானும் நாலு நாளா பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"ஒண்ணுமில்லம்மா, சும்மா."

"சும்மாவா? புள்ளைக்கு என்னமோ கொறை இருக்கு, எங்கிட்ட மறைக்கிறீங்க. சொல்லுடா."

அதற்கு மேல் மறைக்க வழியில்லை. பிள்ளைக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் என்று சொன்னேன். கரிந்த பருப்பிலிருந்து திருச்சி டாக்டர் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. "சில குடும்பத்துல தொடர்ந்து வருமாம்" என்றதும் அம்மாவின் முகம் மாறியது. பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். கொத்தமல்லியைப் பற்றி டாக்டர் சொன்னதை என் மனைவி சொன்னபோதுகூட, "சரி சரி, இனிமே போடல" என்று முடித்துக்கொண்டார். அவர் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தது எங்களுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் நான் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா காபி டம்ளரோடு வந்து நின்றார்.

"ஒருதடவ பீரோவுக்குப் பின்னாடி பெருச்சாளி செத்துக் கெடந்துச்சு. மூணு நாளு. நாங்கள்லாம் வாசல்ல போய்ப் படுத்தோம். அந்த மனுசன் பீரோ பக்கத்துலயே பாய விரிச்சுக் கொறட்ட வுட்டாரு. ஒழைச்ச அசதின்னு நெனச்சேன்" என்றார்.

நான் டிக்கெட் பையைக் கீழே வைத்தேன்.

"ஊரு பூரா சொல்லி வச்சிருக்கேனடா. ஊசிப்போன கொழம்பத் தின்னாரு, எனக்காவத் தின்னாருன்னு. அவருக்குத் தெரியவே இல்ல!" சொல்லிக்கொண்டே வந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளேயிருந்து என் மனைவியும் வந்துவிட்டாள். அம்மா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எருக்குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீயும்போது திண்டில் சாய்ந்து ரேடியோ கேட்டது. மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். நடுவில் அம்மா சட்டென்று நிறுத்தினார்.

"அப்ப பூ எதுக்குடா வாங்குனாரு?"

அப்பா வெள்ளிக்கிழமை தவறாமல் ஜெயங்கொண்டத்திலிருந்து மல்லிகை வாங்கி வருவார். கையில் காசு இல்லாத வாரம்கூட ஒரு முழம் வரும். இலையில் கட்டிய பொட்டலத்தை அம்மாவிடம் நீட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கை கால் கழுவப் போவார். சின்ன வயதிலிருந்து நான் பார்த்தது.

"நான் வாங்கிட்டு வாங்கன்னு ஒருநாளும் கேட்டதில்ல. வாசனை புடிச்சுதான் வாங்குறாருன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். வாசனையே தெரியாதவரு எதுக்குடா வாங்கணும்?"

அப்பாவின் மனதில் என்ன இருந்தது என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? என்னைப் பற்றித்தான் எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன்.

"நான் பொட்டலத்தக் குடுத்தா இவ பிரிச்சதும் கண்ண மூடிக்குவா. மூஞ்சி ஒரு மாதிரி மலரும். அதப் பாக்கத்தான் நான் வாங்குறது. அப்பாவும் ஒருவேள உன் மூஞ்சியப் பாத்திருப்பாரு."

என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா டம்ளரை என் கையில் கொடுத்தார்.

"எனக்கு அப்ப மூஞ்சி நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கப் போனார்.

அதன்பிறகும் அம்மா குழம்புக் கதையை விட்டுவிடவில்லை. கடைசியில் ஒரு வரியை மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். "அவருக்கு வாசனையே தெரியாது, அப்பவும் வாரா வாரம் எனக்குப் பூ வரும்" என்று முடிக்கிறார். கேட்கிறவர்களுக்கு இது புரிகிறதோ இல்லையோ, அவர் கவலைப்படுவதில்லை.

மகளைப் பற்றிய என் சந்தேகம் தீர்ந்தபோது அவளுக்கு இரண்டு வயது. அன்று டியூட்டி முடிந்து வந்து குளிக்காமல் அவளைத் தூக்கப் போனேன். இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அப்பா ச்சீ" என்று அவள் அம்மாவிடம் ஓடிவிட்டாள். வேண்டுமென்றே இன்னொருமுறை கிட்டே போனேன். மறுபடியும் "ச்சீ". நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "போதுமா? இனிமே அந்தப் பெருங்காய டப்பாவ எடுக்கக் கூடாது" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதுவரை பிள்ளையை நினைத்து அவள் ஒருநாளும் பயந்த மாதிரி காட்டிக்கொண்டதே இல்லை.

இப்போது மகளுக்கு ஐந்து வயது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அம்மா கொஞ்சம் கூடுதலாகத் தூங்குவாள். நானும் மகளும்தான் பால் காய்ச்சுவோம். பாலைக் காய்ச்சுவதற்கு முன்னால் அவள் மூக்கருகே காட்ட வேண்டும், அவள் சரி என்றால்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும் என்பது வீட்டு ஏற்பாடு. இரண்டு வாரத்துக்கு முன்னால் அவள் மூக்கைச் சுளித்து, "கெட்டுப்போச்சுப்பா" என்றாள். தொட்டியில் கொட்டிவிட்டேன். எனக்கு மட்டும் கடுங்காபி, அவளுக்கு அதுவும் இல்லை. போன வாரமும் முகர்ந்து பார்த்து, "கெட்டுப்போச்சுப்பா." பால்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தொட்டிப் பக்கம் போனேன். தூக்கக் கலக்கத்தோடு வந்த என் மனைவி என் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கி முகர்ந்தாள். என்னைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

"பாலு நல்லாத்தான இருக்கு?"

மகள் அதற்குள் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. அவளுக்குப் பால் குடிக்கப் பிடிக்காது.